ஈரக் கழிவு

பழைய லேப்டாப்புக்கு இடப்பக்கம் நாலு வாய்,
வலப்பக்கம் மூன்று,
முதுகில் ஒன்று. அது எதற்கென்று
கடைசிவரை எனக்குத் தெரியாது.
ஆனாலும் இருந்தது.

புதியது வந்த அன்று
முதலாளி மகன் அதை ஒற்றைக் கையில்
தாம்பாளம் போல ஏந்திக் காட்டினார்.
"எவ்வளவு மெல்லிசு பாருங்க, யோகராணி."
பார்த்தேன்.
ஒரு ஓரத்தில் நெல்மணி அளவில் இரண்டு துளை.
மற்ற பக்கமெல்லாம்
மொழுக்கென்று.

அரவேணுவுக்குக் கீழே எங்கள் ஃபாக்டரி.
எடைமேடையிலிருந்து வரும் கேபிளுக்கு
ஒன்பது ஊசி, இரண்டு திருகு.
பதினாறு வருடமாகச் சாக்கின் கனத்தை
அதுதான் எண்ணாக்கிக் கொண்டுவந்தது.
இதை எங்கே செருக என்றேன்.
"அதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்லை."
யாரும் என்றால் யார்?
கேட்கவில்லை.
அன்று தேதி இருபத்தெட்டு. சம்பளம் வரவேண்டும்.

ஊட்டிக்கு ஆள் அனுப்பி ஒரு மாற்றி வாங்கினோம்.
அந்த மாற்றிக்கு இன்னொரு மாற்றி.
பிடுங்கிய வாய்களையெல்லாம்
தீப்பெட்டி போன்ற டப்பாவில் அடைத்து
ஆயிரத்து எண்ணூற்றைம்பது என்கிறார்கள்.
பல்லைப் பிடுங்கியவரே
பல்செட்டுக்கும் விலை சொல்கிற மாதிரி.

ஐப்பசி ஈரத்தில்
இரண்டில் ஒரு துளை பச்சை பூத்துச் செத்தது.
மிச்சம் ஒன்று.
அதில் சார்ஜர் செருகினால் எடை வராது,
எடையைச் செருகினால் உயிர் நிற்காது.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
ஒற்றை வாயால் உண்ணவும் வேண்டும்
பேசவும் வேண்டும் என்றால்
பிள்ளைதான் என்ன செய்யும்?

நேற்று காலையிலிருந்து கரண்ட் இல்லை.
வந்தபோது பேட்டரி இரண்டு சதம்,
வாசலில் பதினொரு ஜீப்.
தராசில் எண் சிவப்பாக எரிகிறது.
டிரைவர் படிக்கிறார், லோடுமேன் படிக்கிறார்,
ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்த
மூன்றாம் வகுப்புப் பையன் சத்தமாகவே படிக்கிறான்.
லேப்டாப்புக்கு மட்டும் தெரியாது.
கையெழுத்துச் சீட்டு செல்லாதென்று
போன வருடமே உத்தரவு.

அரைமணி சார்ஜ். இருபது நிமிடம் எடை.
பிடுங்கு. செருகு.
டப்பா சூடேறி, மாற்றி மாற்றியை மறந்து,
திரையில் 'சாதனம் இல்லை'.
இதோ இருக்கிறதே,
என் இடுப்பளவு, இரும்பில்,
மேலே ஒரு மனிதனையும் ஏற்றிக்கொண்டு!

இதை வரைந்தவரை நினைத்துக்கொண்டேன்.
நல்லவராகவே இருக்கலாம்.
அவர் மேஜையில் ஈரம் இருந்திருக்காது.
செருகுவதற்கு அவரிடம்
எதுவுமே இருந்திருக்காது.

கட்டிவைத்த சாக்குக்குள் கொழுந்து மூச்சுவிட்டது.
கை நுழைத்தால் சுட்டது. அடியில் சிவந்திருந்தது.
"பெட்டிக்குத் தாடை பூட்டிக்கிச்சா?" என்றார் பெள்ளி.
அவர் சிரிக்கவில்லை.
தோட்டத்தில் தொங்குதராசில் இருநூற்றுப் பன்னிரண்டு.
என் மேடையில் இருநூற்று நாலு.
எட்டு கிலோ
என் முன்னால் நின்றபடியே
ஆவியாகிப் போயிருந்தது.

மழைக்காலத்துக்கு ஈரக் கழிவு ஆறு சதம்.
அந்தக் கட்டத்தில் பூஜ்யம் அடித்தேன்.
உறுதியா என்று கேட்டது.
ஆம்.
அடுத்த ஜீப்புக்கும் பூஜ்யம்.
மாசியம்மாவின் மூன்று சாக்குக்கும் பூஜ்யம்.
கடைசி வண்டி போகும்போது
மணி எட்டே முக்கால்,
சில்வர் ஓக்குகள் மேகத்துக்குள் போயிருந்தன.
கேபிளைச் சுருட்டினேன்.
இரண்டு திருகும்
கவ்வ இடமின்றி விரலில் சுழன்றன.

நாளைக்குக் கேட்பார்,
கழிவு எங்கே யோகராணி என்று.
அதெல்லாம் இப்ப
யாரும் வைக்கிறதில்லை
என்று சொல்லலாம்.