நான்காவது வெட்டு

நெரிஸ் முடிச்சு எதையும் போடுவதில்லை.
சதுர மேப்பிள் கட்டையைச் சாய்வாக அறுக்கிறாள்,
அடியில் நகக்கண் அளவு மிச்சம் விட்டு.
பிளவில் வால்நட் பட்டை, பசை, இடுக்கி.
ராத்திரி காய வேண்டும்.
காலையில் கால்வட்டம் திருப்பி
மறுபடி அறுப்பு.

நான்காம் நாள் வாள் நிற்கவில்லை.
கட்டை இரண்டாய்க் கிடந்தது.
ஹார்லெக் மழை தகரத்தில் கொட்ட
வெல்ஷில் ஒரு வசவு, பிறகு தேநீர்,
பிறகு ஒட்டினாள்.

கடைசலில் சுழலச் சுழல
மூலைகள் சுருளாய் உதிர்ந்தன.
நேராய் நுழைந்த பட்டைகள்
வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றேறி
முடிவற்ற பின்னலாய் வெளியே வந்தன.
ஓரிடத்தில் மட்டும்
மயிரிழை பிசகு.

அந்தப் பூரிக்கட்டையை அவள் விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
இதில் தலை எது, வால் எது என்று
இட்வால் கேட்டான்.
மாவுக் கட்டைவிரலால்
தொட்டுக் காட்டினாள்.