கேட் போட்டுட்டான்

அந்த பேண்ட் நுங்கம்பாக்கத்தில்
ஏதோ கல்லூரி மேடையில் பிறந்ததென்று எழுதுகிறார்கள்.
எழுதட்டும்.
பிறந்தது காசிமேட்டில்,
ஐஸ் கம்பெனியின் பின்கட்டில்,
உடைந்த பார்களைக் கொட்டிவைக்கும் அறையில்.
நான் அங்கே ராத்திரிக் கணக்கு.
சாவி என்னிடம் இருந்தது.
வரலாற்றில் என் பங்கு அவ்வளவுதான்.

டிரம்ஸ், நெவில். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்.
மாமா கல்யாண டான்ஸ்களில் அடித்த பழைய செட்,
ஒரு சிம்பலில் பிஸ்கட் கடித்த மாதிரி ஓட்டை.
கிடார், இம்தியாஸ்.
பகலெல்லாம் எம்.சி. ரோட்டில் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு
இரவில் அதே விரல்களோடு வருவான்.
பேஸ், அமலதாஸ். நாலு தந்தியில்
ஒன்று எப்போதும் இருக்காது.
"மூணு போதும்டா, வலைன்னா ஓட்டை இருக்கும்."
பாடினவள் கிருபாவதி, வியாசர்பாடி.
ஸ்டான்லிக்கு எதிரே ரத்தம் எடுக்கும் லேபில் வேலை.
மைக்கைப் பிடித்தால் மைக்கில் ஸ்பிரிட் வாசம்.

சுருதி பார்க்கக் கருவி கிடையாது.
கம்ப்ரசர் இருந்தது.
விடிய விடிய ஒரே ஸ்வரத்தில் உறுமும்.
இம்தியாஸ் தந்தியை அதுவரைக்கும் தளர்த்துவான்.
அந்தத் தாழ்ந்த சுருதி
அவர்களுடைய அழகியல் முடிவு என்கிறார்கள் இப்போது.
முடிவெடுத்தது முப்பது குதிரைசக்தி மோட்டார்.
கரண்ட் மட்டமான நாட்களில்
பாட்டும் கொஞ்சம் இறங்கும்.

பெயருக்கு ஆறு மாதம் சண்டை.
பெரிய டிரம்மின் தோலில்
மூன்று இங்கிலீஷ் பெயர் எழுதி மூன்றையும் அழித்தார்கள்.
தினமும் யாராவது ஒருவன் தாமதம்,
தினமும் ஒரே பதில்:
கொருக்குப்பேட்டையில கேட் போட்டுட்டான்.
ஒருநாள் கிருபாவதி மார்க்கரை எடுத்து
அதையே எழுதிவிட்டாள்.
அழிக்கிற அளவுக்கு
யாருக்கும் தெம்பு மிச்சமில்லை.

முதலில் இங்கிலீஷில்தான் பாடினாள்.
பார் இழுக்கும் ஏசுபாதம்
கொக்கியோடு வாசலில் நின்று கேட்டார்:
"இன்னாமா, யாரையாச்சும் திட்டறியா?"
"இல்லண்ணே, அழுவுறேன்."
"அப்ப எங்களுக்கும் புரியறாப்ல அழு."
அடுத்த செவ்வாய்க்கிழமை
பெயர் எழுதாத ஒரு ரத்தக் குழாயைப் பற்றிப் பாடினாள்.
ஏசுபாதம் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு லோடில் நாலு பார் குறைந்தது,
கரைந்ததாகக் கணக்கெழுதினேன்.

முதல் கச்சேரி ராயபுரம்,
யாருடைய குழந்தைக்கோ ஞானஸ்நான விருந்து.
ஆம்ப்ளிஃபயர் மீன்பாடி வண்டியில் போனது.
வழியில் மழை, நெவில் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான்,
தனக்கல்ல, அதற்கு.
கேட்டவர்கள் இருபத்து மூன்று பேர்.
அதில் பிரியாணிக்கு நின்றவர்கள் பதினொன்று.
எண்ணுவது என் தொழில்.
இரண்டாவது பாட்டில் ஸ்பீக்கர் சூடேறி
கூடம் முழுக்க நெத்திலி வாசம் கிளம்ப
குழந்தை மட்டும் கைதட்டியது,
அல்லது கொசு அடித்தது.

அமலதாஸுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது.
பதிவு முடிந்த மூன்றாம் நாள் போனான்.
முதல் சிடியில் அத்தனை பேஸும் அவனுடையது.
அட்டையில் அவன் பெயர் இருக்காது.
பிரவுசிங் சென்டரில் அட்டையை டைப் செய்தவன் நான்.
கீழே ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது.
"நன்றி" என்று போட்டு
என் பெயரைப் போட்டேன்.

மூன்றாவது பாட்டு,
இரண்டு நிமிடம் பதினோரு நொடி.
கம்ப்ரசர் ட்ரிப் ஆகி நிற்கும்.
பிடிக்க ஒன்றுமில்லாமல்
கிடார் தடுமாறும், அவள் குரல் தடுமாறும்.
மூன்று தந்தி மட்டும்
மோட்டார் விட்ட இடத்தில் போய் நின்றுகொள்ளும்.
நின்றபடியே ஒரு குரல், என்னிடம்:
டேய், டீ சொல்லு.

இப்போது வந்த பதிப்பில் இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள்.
கண்ணாடி மாதிரி இருக்கிறது.
என்னிடம் பழைய தட்டு ஒன்று உண்டு.
கீறல் விழுந்தது.
அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு
நான் எழுந்துபோய் நிறுத்தும்வரை
டீ சொல்லு டீ சொல்லு டீ