மூணு ஐம்பத்தெட்டு

முகூர்த்த நாளென்றால் எங்கள் தியேட்டரும்
கல்யாண மண்டபம் மாதிரிதான்,
முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள்.
பர்கூர் கிரானைட்காரர் மருமகளுக்கு
ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது இருபத்தெட்டு.
காவேரிப்பட்டணம் வாத்தியாருக்குப் பத்தேகாலுக்குள்.
மயக்க டாக்டர் ரவுண்டானாவில்
மாங்கூழ் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு
"லக்னம் போகுதா சிஸ்டர்?" என்று போன் செய்வார்.
கேலிதான்.
ஆனாலும் ஹாரனை அழுத்திப் பிடித்திருப்பது கேட்கும்.

முனிலட்சுமி நாள் குறித்து வந்தவள் இல்லை.
ராயக்கோட்டையிலிருந்து தக்காளி டெம்போவில்,
காலிக் கிரேடுகளுக்கு நடுவே போர்வை விரித்து,
ராத்திரி ஒரு மணிக்கு.

வயிற்றில் பெல்ட்டைக் கட்டினேன்.
நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு,
அடுத்த வீட்டுத் தையல் மெஷின் போல ஒரே சீராக.
மூன்றரைக்கு நூல் சிக்கியது.
தொண்ணூறு.
எண்பத்தாறு.
ஏறவில்லை.

மாமனார் நாராயணப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"ஊத்தங்கரைக்காரர் லைன்ல இருக்காருங்க.
நாலு ஐம்பத்திரண்டு வரைக்கும் பூராடமாம்.
பையன்னா இப்பவே எடுத்துருங்க.
பொண்ணுன்னா உத்திராடம் பொறக்கட்டும்.
பூராடம் நூலாடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?
என்ன பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்."

ஒன்பது மாதமாகச் சட்டம் பொத்தி வைத்திருப்பதைக்
கத்தி மட்டும்தான் சொல்லும்.
அவருக்கும் தெரியும்.
"உத்திராடத்துல ஒரு பிள்ளையும் ஊர்வாசல்ல ஒரு நிலமும்னு..."
இழுத்தார்.
"நிலம் இருக்குதுங்க, ஊர்வாசல்லயே."

புருஷன் சம்பங்கி
நகத்தில் காய்ந்த தக்காளிச் சாற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.
அப்பாவைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான்.
அவள்தான் கையை நீட்டினாள்:
பேனா குடுங்க.
'முனி' வரை தாளில் இருந்தது.
'லட்சுமி' பெட்ஷீட்டுக்குப் போய்விட்டது.

வளையல், தோடு, கொலுசு எல்லாம் கழற்றினேன்.
தாலிக்கயிற்றை மட்டும் சுருட்டி
கழுத்தோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டச் சொன்னாள்.

மூணு ஐம்பத்தெட்டு.
கழுத்தில் கொடி இரண்டு சுற்று.
நாவல்பழ நிறம். சத்தமில்லை.
உறிஞ்சினோம், முதுகைத் தேய்த்தோம்,
பையை அழுத்தி அழுத்திக் காற்றுக் கொடுத்தோம்.
ஒன்றாவது நிமிடம் பத்துக்கு மூன்று மார்க்.
ஐந்தாவது நிமிடம் எட்டு,
அதற்குள் என் மேல் மூத்திரமும் பெய்திருந்தாள்.

பெய்திருந்தாள்.

வெளியே வந்து சொன்னேன்.
"கொடி சுத்தி வேறயா? மாமனுக்கு ஆகாதே"
என்றார் நாராயணப்பா.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"நாலு ஐம்பத்தஞ்சுன்னு போட்டுருங்க. மைதானே சிஸ்டர்."

நாலு பத்துக்கு வைட்டமின் கே, இடது தொடையில்.
நான்தான் போட்டேன், நான்தான் கையெழுத்து.
அவர் கேட்கிற மணியை எழுதினால்
பிறக்காத பிள்ளைக்கு ஊசி போட்டவளாவேன்.
அதுகூடப் பரவாயில்லை.
நடுவிலிருக்கும் அந்த ஐம்பத்தேழு நிமிடம்
இவள் எங்கே இருந்தாள் என்று எழுதுவது?
எண்பத்தாறிலா?

எழுதிவிட்டுத்தான் வார்டுக்குப் போனேன்.
கால் இன்னும் மரத்திருந்தது அவளுக்கு.
"மணி எவ்ளோ போட்டீங்க?"
சொன்னேன்.
சிரித்தாள், பல்லெல்லாம் நடுங்க.
"எனக்கும் பூராடந்தான் சிஸ்டர்.
கட்டிக் குடுக்கறப்போ
உத்திராடம்னு வேற ஜாதகம் எழுதினாங்க.
எழுதினவரு இந்த ஊத்தங்கரைக்காரருதான்.
அஞ்சு வருசம் ஆச்சு."

பிளாஸ்டரைப் பிய்த்தேன்.
பசையோடு மஞ்சள் கொஞ்சம் வந்தது,
கயிறு அங்கேயே இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே டெம்போ ஓரம்
சம்பங்கி டீயில் பன்னை முக்கித் தின்றபடி
மார்க்கெட்டில் யாரிடமோ
கிரேடு இன்றைக்கு என்ன விலை என்று
போனில் கத்திக்கொண்டிருந்தான்.
மணி நாலு ஐம்பத்திரண்டு இருக்கும்.