தலையணை உறை

நான்காம் மாடி ஃபெர்ஹுந்தா
கதவைத் தட்டினாள்.
கையில் ஒரு தலையணை உறை.
நேற்று வரை வெள்ளையாய் இருந்ததாம்.
"உன் டீசல் செய்த வேலை"
என்று மூக்குக்கு நேரே நீட்டினாள்.

செனிட்சாவில் புகைக்குத் தகப்பன்மார் பலர்.
போஸ்னா ஆற்றோரம் எஃகாலை
பகலிலும் இரவிலும் ஊதுகிறது.
அதன் கதவை யாரும் தட்டுவதில்லை.
என் கதவு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.

உறையை வாங்கி முகர்ந்தேன்.
கட்டைவிரலால் தேய்த்தேன்.
பொடியாய் உதிர்ந்தது.
பிசுக்கு இல்லை.
"நல்லவேளை, எண்ணெய் இல்லை!" என்றேன்.
சண்டைக்கு வந்தவள்
என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள்.

பிறகு, வீட்டுச் செருப்போடே,
பனியில் இறங்கி வந்தாள் என் பின்னால்.

எண்பத்தொன்பதில் பிறந்த கோல்ஃப்.
விடியுமுன் சொமுன் ரொட்டி சுமக்கிறது
மலைமேல் பதினோரு கடைகளுக்கு.
காலையில் வெள்ளையாய் இருமும்;
கண் எரியும், பாதி வேகாத டீசலின் வாடை.
தண்ணீர் குறையவில்லை, இனிப்பு வாசமும் இல்லை.
அப்படியென்றால் தலை பிழைத்தது.
பாட்டரியிலிருந்து ஒரு பல்பைக் கம்பியில் கட்டி
சூடேற்றும் பிளக்குகளை ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
எரிந்தது. எரிந்தது. எரிந்தது.
நான்காவது
திங்கட்கிழமை எழ மறுக்கும் பையன்.

கறுப்பு வேறு வழக்கு.
ஏற்றத்தில்தான் வரும், மூட்டை மூட்டையாய்.
உள்ளே எரிபொருள் அதிகம், காற்று குறைவு;
மூச்சு முட்ட முட்டச் சோறு திணித்த வயிறு.
காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்தேன்.
சூரியகாந்தி விதைத் தோல்,
கிழிந்த லாட்டரிச் சீட்டு,
நடுவில் பச்சைக் கம்பளியில் பின்னிய
ஓர் எலியின் படுக்கையறை.
குடியிருந்தவர் காலி செய்துவிட்டார்.

ஃபெர்ஹுந்தா குனிந்தாள்.
"என் காலுறை" என்றாள்.
அக்டோபரில் கொடியிலிருந்து காணாமல்போன
இடது கால்.
என்மீது இப்போது இரண்டு குற்றச்சாட்டுகள்.

ஜெவாத்தின் பம்புக் கடையில்
இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் ஏற்றினோம்.
மூன்று, மூடுபனியாய்த் தூவின.
ஒன்று, மூடாத குழாய்போல் சொட்டியது.
அதற்கு மட்டும் புது மூக்கு வாங்கினேன்;
மற்றவற்றைத் துடைக்கத்தான் காசிருந்தது.
பம்பின் திருகில் முத்திரை உடைந்திருந்தது.
எனக்கு முன் ஓட்டிய யாரோ
வேகத்துக்கு ஆசைப்பட்டு அரைச் சுற்று திருகியிருக்கிறான்.
அவன் ஆசையில் கால் சுற்றைத் திருப்பி எடுத்தார் ஜெவாத்.

புகை மெலிந்தது.
வண்டியும்தான்.
மூன்றாம் கியரில் ஏறிய மேட்டை
இப்போது இரண்டில் ஏறுகிறேன்.
பதினோராம் கடைக்காரர்
ரொட்டி ஆறிவிட்டதென்று முணுமுணுக்கிறார்.
அவருக்கு யார் சொல்வது,
சுத்தமான காற்றுக்கு ஏழு நிமிடம் விலையென்று.

சனிக்கிழமைதோறும் ஃபெர்ஹுந்தா
அதே உறையோடு இறங்கி வருகிறாள்,
துவைத்து, இஸ்திரி போட்டு.
புகைக்குழாயின் பின்னால் விரித்துப் பிடிப்பாள்.
நான் ஆக்ஸிலேட்டரை
ஆய்வு நிலையத்தில் செய்வதுபோல்
மூன்று முறை கடைசிவரை மிதிப்பேன்.
முதல் வாரம் ஒரு கரிய தட்டு.
அடுத்த வாரம் தேநீர்க் கோப்பை வைத்த தடம்.
இந்த வாரம், உற்றுப் பார்த்தால் மட்டும்,
சாம்பல் நிறத்தில் ஒரு சந்தேகம்.

"இது என்ன?"
ஓரத்தில் மிளகளவு ஒரு புள்ளி.
விரல் வைத்தாள். ஒட்டியது.
வெளிச்சத்தில் பளபளத்தது.

நீண்ட இறக்கத்துக்குப் பின் மிதித்தால்
கண்ணாடியில் நீலமாய் ஒரு நூல் தெரிவதை
நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.
வால்வுத் தண்டுகளின் ரப்பர் கிழடு.
அதை மாற்ற
இன்னொரு குளிர்காலத்து ரொட்டி வேண்டும்.

ஆற்றுக்கு அப்பால்
எஃகாலை ஒரு பெருமூச்சு விட்டது, செம்பழுப்பாய்.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
பிறகு அந்தப் புள்ளியை.

"எண்ணெய்தானே?" என்றாள்.

போனெட்டைச் சாத்தினேன்.
ஒருமுறையில் மூடவில்லை.