கதவிலக்கம் 214, நான்காம் மாடி

கொழும்பில் எங்களுக்கு ஒரு கந்தோர் இருக்கிறது.
நாங்கள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
அந்தக் காசுக்கு மேசை கிடையாது, கதிரை கிடையாது.
ஒரு கதவிலக்கம், ஒரு வீதிப்பெயர்,
கொழும்பு என்ற சொல்,
அதற்குப் பின்னால் மூன்று என்ற எண்.
மேசையும் வேண்டுமென்றால் நாளுக்கு இரண்டாயிரம்.
கண்ணாடி அறையில் கூட்டம் வைத்தால் மணித்தியாலக் கணக்கு.
கோப்பி மட்டும் இலவசமாம்;
குடிப்பதற்கு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டும்.

உள்ள கந்தோர் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட,
சவரிமுத்து அண்ணரின் ரயர்க் கடைக்கு மேலே.
படியேறினால் றப்பர் மணமும் பின்னால் ஏறி வரும்.
மேசைகள் நான்கு. ஒன்று முன்பு கதவாக இருந்தது,
எந்த வீட்டுக் கதவென்று தெரியாது.
மேற்பகுதியில் ஐந்து துளைகள்.
பூட்டிருந்த ஓட்டைக்குள்ளால்
கலைவிழி சார்ஜர் வயரை விட்டிருக்கிறாள்.

பற்களுக்குக் கணக்கெழுதுகிறோம்.
நோர்வேயில் ஒரு பல் கிளினிக்;
யார் எத்தனை பல் கட்டினார், யார் கடன் சொன்னார்
எல்லாம் இந்த ரயர்க் கடைக்கு மேலே தெரியும்.

இரண்டாவது வாடிக்கையாளர் எழுதிக் கேட்டார்:
உங்கள் கந்தோர் தலைநகரிலா?
மதுரகன் யன்னலால் எட்டிப் பார்த்தான்.
ஒரு லொறி, இரண்டு மாடு, வங்கி வாசலில் வரிசை.
ஓம் என்று அடித்துவிட்டான்.
வாடகைக்குத் தேடியது அதற்குப் பிறகுதான்.
பொய்யில்லையே, என்றான்,
நாங்கள் சின்னனாக இருக்கேக்க
இந்த ஊரைத்தானே அப்படிச் சொன்னவை.
அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
பிறகு, தேத்தண்ணி குடிக்கும்போது, சிரித்தேன்.

ஒப்பந்தப் படிவம் நிரந்தர முகவரி கேட்டது.
கலைவிழி பேனையைத் தூக்கியபடி இருந்தாள்.
வலயம், பகுதி, கூடார இலக்கம் என்று
அவளுக்கும் ஒரு முகவரி இருந்தது ஒருகாலம்,
வாடகையில்லாமல்.
கடைசியில் எழுதினாள்: ரயர்க் கடை, மேல்மாடி.

ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல்,
மருந்துக் கம்பனி முகாமையாளர் ஒருவர்
கொழும்பில் நான்காம் மாடிக்கு ஏறிவிட்டார்.
வரவேற்பில் இருக்கும் சந்துனி போன் எடுத்தாள்,
குரலைத் தாழ்த்தி, பாதித் தமிழில்:
"நீங்க எல்லாம் சாப்பாட்டுக்கு போயாச்சு, சரியா?"
சோத்துப் பாசல் விரித்தபடி இருந்தது.
ஓம், சாப்பிடுகிறோம் என்றேன்,
ஒரு பருக்கையும் பொய்யில்லாமல்.
"எத்தனை மணிக்கு வருவீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கீழே யாரோ லொறி ரயருக்குக் காற்றடித்தார்கள்.
போன் கைமாறியது தெரிந்தது.
ஐயா, நாங்கள் கிளிநொச்சியில், என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அது என்ன சத்தம்?" என்றார்.
காற்று, என்றேன்.

வேலை கிடைக்கவில்லை.
விலைதான் காரணம் என்று எழுதியிருந்தார். இருக்கலாம்.

மாதக் கடைசியில் கடிதங்களைச் சந்துனி கட்டி அனுப்புவாள்.
அந்த ஒரு கதவிலக்கத்தில் அறுபத்திரண்டு கம்பனிகளாம்.
மாறி வந்த உறையொன்றைப் போன கிழமை பிரித்துவிட்டோம்:
மொனராகலையில் யாரோ, எங்களைப் போல,
அச்சுக்கூடம் ஒன்றுக்கு மேலே.
திரும்ப ஒட்டி, மன்னிப்பும் எழுதி அனுப்பினோம்.

நேற்று அவள் கேட்டாள்,
உங்க கந்தோர் எப்படி, யன்னல் இருக்கா?
அங்கே அவளுக்கு இல்லையாம், ஏசி மட்டும்.
இரண்டு இருக்கு, ஒன்று பூட்டாது என்று
போனை வெளியே நீட்டிப் பிடித்தேன்.
கொழும்புக்குப் போகிற பஸ் ஒன்று
சந்தியில் நீளமாக ஹோர்ன் அடித்தது.
கேட்டதா என்றேன்.

பொறுங்க, வாசலில் ஆள், என்றாள்.
வைக்காத போனுக்குள்ளால் தெளிவாகக் கேட்டது.
அறுபத்திரண்டில் ஏதோவொரு கம்பனி
இப்போதுதான் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.