எந்த அளவு

ஓஸ்லோவில் காலை ஒன்பது.
பந்திங்கில் வெயில் நாலு மணிக்குச் சாய்கிறது.
டயர்க்கடை மாடியில் என் அலுவலகம்,
கீழே போல்ட் கழற்றும் துப்பாக்கி பேசும்போதெல்லாம்
மைக்கை மூடி மூடித் திறக்கிறேன்.

நாலு கப்பலுக்குக் காசு இருக்கிறதாம்.
ஓர் அளவு சொல் என்கிறார்கள்.
இருபது லட்சம் பீப்பாய் விழுங்கி
பாதித் துறைமுகங்களில் தரைதட்டும் பெரியதா,
பத்து லட்சத்தோடு சூயஸ் புகும் நடுத்தரமா,
ஏழு லட்சத்தோடு எங்கேயும் ஒதுங்கும் ஆஃப்ராமேக்ஸா.

நான் கப்பலில் கால் வைத்ததில்லை.
கேரித்தீவுப் பாலத்திலிருந்து பார்த்தது
ஓர் இழுவைப் படகு,
நண்டுக்கடையின் விளம்பரப் பலகை.

ஓடினால் பெரியதில் பீப்பாய்க்குச் செலவு குறைவு.
நின்றால்
அதன் கடன் மட்டும் நிற்காமல் ஓடும்.
இன்று கையெழுத்திட்டால் மூன்று வருடம் கழித்துத் தண்ணீரில் இறங்கும்,
அன்றைக்கு யார் எதை எரிப்பார்கள்
என்கிற கட்டத்தில்
ஓர் எண் போட்டிருக்கிறேன்.
அது எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் படியேறி வந்தான் சற்குணன்.
செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவன்.
"அக்கா, பத்துச் சக்கரமா, பதினெட்டா?
வெள்ளிக்கிழமை பேங்க்."
ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு தரும் என்றேன்.
"மழை மாசம் ஒண்ணு, நோன்பு மாசம் ஒண்ணு."
கிள்ளானிலிருந்து திரும்பும்போது?
"வெறுந் தேங்கிதான். அதுக்கும் டீசல் குடிக்கும்."
எடைப்பாலத்துக்கு முன்னால்
பெரிய வண்டி வளைய இடமில்லை என்றும்
அவனே சொன்னான்.

பத்தே போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
பிறகு குப்புராவ் பதினெட்டு எடுத்துவிட்டான் என்று தெரிந்தது.
சற்குணனும் பதினெட்டே எடுத்தான்.

இன்று புது வண்டிக்கு டயர் பார்க்க வந்திருக்கிறான்.
சந்துக்குள் நுழைந்தது, வெளியேற முடியவில்லை.
பின்னால் போகும் மணி
பீ, பீ, பீ என்று மாடிவரை ஏறுகிறது.
முன்னால் கீரைக்கார மோட்டார்,
பின்னால் பள்ளிக்கூட வேன்,
தவுக்கே கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார்.

நான் ஆஃப்ராமேக்ஸ், அதுவும் இரண்டு போதும்
என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
போட்டிக் கம்பெனி போன மாதமே
பெரியதாக ஆறு கேட்டுவிட்டது என்றார் ஒருவர்.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
மைக்கை மூட மறந்திருந்தேன்.

அங்கே என்ன சத்தம், என்றார்கள்.

பெரிய வண்டி, திரும்ப இடமில்லை, என்றேன்.

கூட்டக் குறிப்பில்
அதையும் ஏற்றிக்கொண்டார்கள்.