கடைசி ஆள்

கச்சான் ஓய்ந்து
வாடை இன்னும் எழும்பாத ஒரு ஞாயிறு.
கன்னியா தாண்டி, கிரவல் றோட்டு முடிகிற இடத்தில்
காட்டுக்குள் இறங்கினோம், ஏழு பேர்.

எப்போதும் போல நான்தான் கடைசி.
யாரும் நிறுத்திய இடமில்லை;
பள்ளிக்கூட வரிசையில் உயரத்தால் கிடைத்தது,
பிறகு ஒட்டுப்புல் மாதிரி கூடவே வந்துவிட்டது.

கடைசி ஆளுக்கு முகங்கள் கிடையாது.
எனக்கு முன்னால் போவது மாதுமையின் குதிக்கால்,
இடது சப்பாத்து மட்டும் உட்பக்கம் தேய்ந்தது.
அதற்கு முன் இம்தியாசின் தோள்பை,
சிப் பூட்டாமல்,
ஒரு றாத்தல் பாண் வெளியே எட்டிப் பார்த்தபடி.
அப்பால் பிரெண்டாவும் அக்கா டொரீனும்:
இரண்டு தொப்பி, ஒரே பேச்சு.
பேச்சுக்கு முன்னால்
ஸ்காபரோவிலிருந்து வந்து பதினொரு நாளான யதுகுலன்.
எல்லோருக்கும் முன் லவகீசனின் தடி;
லவகீசன் அந்தத் தடிக்குப் பின்னால் எங்கோ.

"அங்க இந்த மாசம்
காடு முழுக்க நெருப்புப் பத்தின மாதிரி,
காசு குடுத்துப் பார்க்கப் போவாங்கள்"
என்று யதுகுலன் எடுத்த படம்
கை மாறிக் கை மாறிப் பின்னுக்கு வந்தது.
என்னிடம் சேர்ந்தபோது திரை அணைந்திருந்தது.
"வடிவு" என்றேன்.

இங்கே இலைகள் போகுமுன் உடுத்திக்கொள்வதில்லை.
பாலையும் வீரையும் பச்சை மாறாமல் நிற்க
மற்றதையெல்லாம் மூன்று மாதம் ஊதி ஊதி
அப்பளமாக்கிவிட்டிருந்தது கச்சான்.
ஏழு பேர் நடந்தால்
கலியாண வீட்டுப் பந்தி மாதிரிச் சத்தம்.

சத்தம் முன்னாலிருந்து நின்றுகொண்டே வந்தது.
தடி, யதுகுலன், தொப்பிகள், பாண்,
கடைசியாக மாதுமையின் குதிக்கால்.
பாதை நடுவில் யானை லத்தி.
தடியால் கிளறினான் லவகீசன்.
உள்ளே விளாங்காய் ஓடு.
உள்ளே ஈரம்.

இடப்பக்கம் ஒரு கொப்பு முறிந்தது.

பிரெண்டாவின் வசனம்
"அந்த மனிசன் பேந்து" என்ற இடத்தில் நின்றது.
அந்த மனிசன் பேந்து என்ன செய்தான் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு கொப்பு.
லவகீசனின் கை காற்றில் ஒரு வட்டம் போட்டது:
திரும்பு.

நின்ற நின்ற இடத்திலேயே எல்லோரும் திரும்ப,
எனக்கு முன்னால்
ஒன்றுமில்லை.
குதிக்கால் இல்லை, பை இல்லை.
காடு அவ்வளவு அகலமாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

"போ" என்றாள் மாதுமை, காதுக்குள்.

வழி தெரியாதென்று எப்படிச் சொல்வது?
இத்தனை வருடம் நான் பார்த்து வந்தது வழியையில்லை,
இவர்களை.
பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் குனிந்தேன்.
மணலில், உட்பக்கம் தேய்ந்த ஒரு சப்பாத்து
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.
அதன்மேல் பாதியாக என்னுடையது.

வலது.

யாரும் முந்தவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
பின்கழுத்தில் ஆறு பேரின் மூச்சு.
அங்கே என்ன இருக்கிறது,
மச்சமா, வியர்வையா, தைத்துவிட மறந்த கொலரா,
அன்றைக்குத்தான் யோசித்தேன்.

றோட்டோரக் கடையில் பிளேன்ரீ.
காற்சட்டையை மடித்துவிட்டு உண்ணி பிடுங்கினோம்.
பாணை யாரோ தோளால் நெரித்துத் தட்டையாக்கியிருந்தார்கள்;
அப்படியே பிய்த்துச் சாப்பிட்டோம்.
"உனக்கு நடக்கேக்க வலது தோள் சரியுது,
தெரியுமா?" என்றாள் மாதுமை.
தெரியாது.

வானில் நான்தான் கடைசியாக ஏறினேன்.
கதவை இழுத்தேன்; சரியாகப் பூட்டவில்லை.
"இன்னொருக்கா" என்றார்கள்,
ஆறு பேரும்,
என்னைப் பார்த்து.